எழுதி எழுதி அழிக்கிறேன், டீச்சர்

போன மாதம் இந்தப் பகுதியில் போகிற போக்கில் ஒன்று கேட்டிருந்தேன். அடுத்தவர் முகநூலில் போட்ட படத்தைத் தினமும் பார்க்கிறோம், எழுதியதைப் படிக்கிறோம், பக்கத்தில் இருப்பவரிடம் காட்டிச் சிரிக்கிறோம். போட்டவருக்கு மட்டும் ஒரு வார்த்தை எழுத ஏன் இவ்வளவு கூச்சம்? இத்தனை பேர் பதில் போடுவீர்கள் என்று நினைக்கவில்லை. "எனக்கு எழுதவே வராது டீச்சர்" என்பதை நாலு பக்கத்துக்கு எழுதியவர்களும் இருக்கிறார்கள்! சுங்கை சிப்புட்டில் மூன்று நாளாக விடாத மழை. பாசாருக்குக்கூடப் போக முடியவில்லை. உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துவிட்டேன். பேர் வேண்டாம் என்று எல்லாருமே கேட்டிருப்பதால் ஊரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

டீச்சர், எனக்கு 46 வயது. கையுறைத் தொழிற்சாலையில் வேலை. நான் பிறந்த தோட்டத்தில் இப்போது வரிசை வீடுகளான லயமும் இல்லை, ரப்பர்ப் பால் மரமும் இல்லை, எல்லாம் செம்பனை. எங்கள் தோட்டத்து ஆட்களுக்காக ஓர் அண்ணன் முகநூலில் குழு வைத்திருக்கிறார். பழைய படங்களைத் தேடித் தேடிப் போடுவார். போன மாதம் ஒரு படம், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தோட்டத்துக்கு வந்தபோது எடுத்தது. பெண்கள் வரிசையில் ஓரமாக ஆரத்தித் தட்டோடு நிற்பது என் அம்மா. அம்மா இறந்து ஒன்பது வருஷமாகிறது. அந்தப் படம் எங்கள் வீட்டில் இல்லை. படத்துக்குக் கீழே 1981 என்று போட்டிருந்தார். அது தப்பு. என் பெரியண்ணன் கைக்குழந்தையாக இருந்தபோது அவர் வந்தார் என்று அம்மா சொல்வார். அப்படியானால் 1972. ஒரு மணி நேரம் எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் ஒன்றும் எழுதவில்லை. என் தமிழ்தான் காரணம். ஆறாம் ஆண்டு வரைக்கும்தான் தமிழ்ப்பள்ளி. முன்பு ஒரு கல்யாணப் படத்துக்கு ‘வால்த்துகள்’ என்று எழுதிவிட்டேன். "யாருக்கு வால் முளைச்சிருக்கு?" என்று சொந்தத்தில் ஒருவர் கேட்க, 27 பேர் சிரிப்புப் படம் போட்டார்கள். அன்றிலிருந்து கட்டை விரல் மட்டும்தான் போடுகிறேன். — சுங்கை சிப்புட் வாசகி

தங்கச்சி, முதலில் அந்த வாலை நறுக்கிவிடுவோம். 34 வருஷம் சிவப்புப் பேனா பிடித்தவள் சொல்கிறேன். ‘வாழ்த்துகள்’ என்று எழுதுவதா, ‘வாழ்த்துக்கள்’ என்று எழுதுவதா என்று தமிழ் படித்தவர்களே இன்றுவரை மல்லுக்கு நிற்கிறார்கள். நீங்கள் அந்தக் ககர ஒற்றைப் போடாமல் சரியாகவே விட்டிருக்கிறீர்கள். தப்பியது ழகரம் ஒன்றுதான். நம் லயத்து வாயில் ழ எங்கே இருந்தது? பளம், வாளைப்பளம், கெளவி என்று பேசித்தானே வளர்ந்தோம். காது கேட்டதைக் கை எழுதிவிட்டது. கேலி செய்தவர் இதுவரை எழுதிய தமிழை என்னிடம் கொடுங்கள், பேனாவில் மை போதுமா என்று பார்க்கிறேன்.

அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்து உளவியல் ஆய்வாளர்கள் ஒரு வேடிக்கை செய்து பார்த்தார்கள். 2000-ஆம் ஆண்டில் அது கட்டுரையாக வந்தது. போட்டுக்கொள்ளவே கூசுகிற மாதிரி ஒரு பாடகரின் முகம் அச்சடித்த சட்டையை மாணவருக்கு மாட்டி, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். எத்தனை பேர் சட்டையைக் கவனித்திருப்பார்கள் என்று பிறகு கேட்டார்கள். பாதிப் பேராவது பார்த்திருப்பார்கள் என்று நினைத்தார்கள் போட்டவர்கள். உண்மையில் பார்த்தது கால்வாசிப் பேர். உங்கள் 27 பேரிலும் பாதியைக் கழித்துவிடுங்கள். மீதிப் பேரும் அன்றைக்குச் சாயந்திரமே அடுத்த சிரிப்புக்குப் போயிருப்பார்கள். அதை இத்தனை வருஷம் சுமப்பது நீங்கள் ஒருவர்தான்.

ஆனால் உங்கள் கூச்சம் எழுத்துப் பிழையில் தொடங்கியது என்று எனக்குத் தோன்றவில்லை. அது உங்களைவிட மூத்தது. என் அம்மாவிடமும் அது இருந்தது.

அறுபதுகளின் கடைசி. பள்ளி விடுமுறையில் அம்மாவுக்கு, ரப்பர்ப் பால் வடியும் மங்கைத் துடைத்துக் கொடுக்கப் போவேன். பால் எடுத்து முடித்து, காண்டா வாளிகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டோருக்கு வருவோம். அங்கே வரிசை. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி நாற்காலியில் இருப்பார். வாளி தராசில் ஏறும். முள் ஆடி ஓயும் முன்பே அவர் ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார், பக்கத்தில் நிற்கும் பையன் குறித்துக்கொள்வான். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பால் வாளி விளிம்புக்கு எத்தனை விரற்கடை கீழே நிற்கிறது என்று பார்த்தே எடையைச் சொல்லிவிடுவார். கிராணி சொன்னது குறைவு என்று அவருக்குத் தெரியும். தலைத்துண்டின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்பார். ஒரு வார்த்தை வராது. லயத்துக்குத் திரும்பும் வழி முழுக்க வரும், மழையாகக் கொட்டும்! கிராணியின் பரம்பரையே அந்தச் செம்மண் சடக்கில் உருளும். இப்போது யோசித்தால், அம்மாவும் எழுதி எழுதி அழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே முடிச்சு. பேரை வெட்டினால் லயத்தையும் காலி பண்ண வேண்டும். தண்டல், கிராணி, துரை என்று தலைக்கு மேலே மூன்று தட்டு. பெரியவர்கள் பேசுகிற இடத்தில் வாயைத் திறக்காதே என்பது நமக்கு ஊட்டிய முதல் சோறு. அந்தப் பயத்துக்கு அன்று காரணம் இருந்தது. இன்று உங்கள் கைப்பேசிக்குள் கிராணி யாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கவில்லை. கை மட்டும் இன்னும் அவரைத் தேடுகிறது.

ஒருநாள் வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றது பக்கத்து வீட்டு அக்கா. புதிதாகக் கல்யாணமாகி வந்தவர், வாய் பேசாத பிள்ளை. அவர் வாளியைத் தராசில் வைத்ததும் வழக்கம்போலக் கிராணி ஒரு எண்ணைச் சொன்னார். பின்னாலிருந்து அம்மாவின் குரல்: "கிராணியாரே, முள்ளு இன்னும் நிக்கலீங்களே." அவ்வளவுதான். ஏமாற்றுகிறீர்கள் என்று சொல்லவில்லை, அநியாயம் என்று கத்தவில்லை. கண்ணுக்குத் தெரிந்த முள்ளைச் சொன்னார். கிராணி நிமிர்ந்து பார்த்தார். பிறகு தராசைப் பார்த்தார். முள் நின்றதும் வேறு எண்ணைச் சொன்னார். பையன் பழையதை அடித்துவிட்டுப் புதியதை எழுதினான். அம்மாவின் கை அப்போதும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது, நான் பிடித்திருந்தேன்.

தனக்கு வராத வார்த்தை அடுத்தவளுக்காக வந்துவிட்டது. இதை நான் வகுப்பிலும் பார்த்திருக்கிறேன். தனக்கு பென்சில் இல்லை என்று சொல்ல வாய் வராத பிள்ளை, "டீச்சர், இவனுக்குப் பென்சில் இல்லை" என்று எழுந்து நின்று சொல்லும். உங்களுக்கும் அதே வழிதான். உங்கள் தமிழைக் காட்ட அங்கே போகவில்லை. வரிசையில் ஓரமாக நிற்கும் ஓர் அம்மாவுக்குப் பேர் இல்லை, அதைச் சொல்லப் போகிறீர்கள். சொல்ல வேறு யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இப்படி எழுதுங்கள்: "அண்ணே, ஓரத்துல ஆரத்தித் தட்டோட நிக்கிறது எங்க அம்மா. இந்தப் படம் எங்க வீட்டுல இல்ல. போட்டதுக்கு ரொம்ப நன்றிண்ணே." பேச்சுத் தமிழே போதும். குழுவில் இருப்பவர்கள் எல்லாம் அந்தத் தமிழைக் குடித்து வளர்ந்தவர்கள்தானே. அருமை, சூப்பர், பொக்கிஷம் எதுவும் வேண்டாம்.

வருஷத்தை அப்போதே சொல்லாதீர்கள். விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. துன் சம்பந்தன் காலமானது 1979 மே மாதம். 1981-இல் எந்தத் தோட்டத்துக்கும் வந்திருக்க முடியாது. 1919-இல் இதே சுங்கை சிப்புட்டில் பிறந்தவர், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாக அலைந்து பங்கு சேர்த்தவர். அவர் கதையை இந்த ஊர்க்காரரே தப்பாகப் போட்டால் எனக்குப் பொறுக்காது. ஆனால் எனக்குப் பொறுக்காதது வேறு, சபையில் சொல்வது வேறு. முதல் வார்த்தையே திருத்தமாக இருந்தால் அது சிவப்புப் பேனா. அதன் வலி எனக்குத் தெரியும், எத்தனை பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறேன். அண்ணன் உங்களுக்குப் பதில் போட்ட பிறகு, தனிச் செய்தியில் கேள்வியாகக் கேளுங்கள்: "பெரியண்ணன் கைக்குழந்தையா இருந்தப்போன்னு அம்மா சொல்வாங்க. 1972-ஆ இருக்குமோ அண்ணே?" அவரே மாற்றிவிடுவார். மாற்றாவிட்டால் எனக்கு எழுதுங்கள், நான் சபையிலேயே சொல்கிறேன்.

ஒன்று மட்டும் கடிந்து சொல்லத் தோன்றுகிறது. லயத்தில் அடுத்த வீட்டிலிருந்து கிண்ணத்தில் பாயசம் வந்தால் கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டோம். ஒன்றும் இல்லாவிட்டால் கொல்லையில் ஒடித்த இரண்டு கொத்துக் கறிவேப்பிலையாவது போட்டுத்தான் கொடுப்போம். இந்த அண்ணன் இதுவரை எத்தனை படம் போட்டிருப்பார்? உங்கள் அடுக்களையில் அவர் கிண்ணம் எத்தனை அடுக்கியிருக்கிறது, எண்ணிப் பாருங்கள். உங்களைப் போல இன்னும் பலர் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. இணையத்தில் நூறு பேர் இருந்தால் 90 பேர் படித்துவிட்டுப் பேசாமல் போவார்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒரே ஒருவர் ஓயாமல் எழுதுவார் என்று ஜேக்கப் நீல்சன் என்பவர் 2006-இல் ஒரு குத்துமதிப்புக் கணக்கு எழுதினார். என் வகுப்பில் முப்பது பேரில் மூன்று கை உயரும், அதே கணக்குதான். அந்த ஓயாத ஒருவரை விட்டுவிடுங்கள், நமக்கு ஆகாது. ஒன்பதில் ஒருவராக இருந்தால் போதும்.

‘ஆரத்தி’க்குச் சின்ன ர. மற்றதெல்லாம் நீங்களே சரியாக எழுதிவிடுவீர்கள்.

வயது 22. என் நண்பன் முகநூலில் கவிதை போட்டான். எனக்குக் கூச்சம் அதிகம் என்றாலும் துணிந்து 14 வரியில் கருத்து எழுதினேன். ‘சூப்பர் மச்சி’ என்று எழுதியவர்களுக்கெல்லாம் நன்றி சொன்னவன் எனக்கு மட்டும் பதில் சொல்லவில்லை, விருப்பக்குறிகூட இல்லை. இரவு 2 மணிக்கு எழுந்து அதை அழித்துவிட்டேன். இனி எழுத மாட்டேன். — பீடோர் வாசகர்

தம்பி, பதினான்கு வரியா! ‘சூப்பர் மச்சி’க்கு நன்றி சொல்ல ஒரு நிமிஷம் போதும், ரொட்டி சானாய் வருவதற்குள் பத்துப் பேருக்குச் சொல்லிவிடலாம். பதினான்கு வரிக்கு உட்கார்ந்து யோசிக்க வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை நிதானமாக எழுதலாம் என்று அவன் வைத்திருந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தால் இடமே காலி. இப்போது அவனுக்கு ஒரு சந்தேகம்: நம்மோடு கோபமோ?

எனக்கு 12 வயதில் தம்பியின் பிறந்தநாளுக்குப் பாட்டுக் கேட்டு வானொலிக்கு அட்டை போட்டேன். வீடே வானொலியைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. எங்கள் பேர் வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. நான்காவது வாரம் வந்தது, வேறு தோட்டத்தின் பேரோடு. தம்பி அன்றைக்குக் காய்ச்சலில் தூங்கிவிட்டான். அந்த அட்டையை எப்படி அழிக்க முடியும்? பெட்டியில் போட்டால் போட்டதுதான். எங்கள் காலத்தில் அஞ்சல் பெட்டி கடைத்தெருவில், இரண்டு மைல் நடக்க வேண்டும். அந்த இரண்டு மைல்தான் எங்களுக்குத் திருத்தும் பொத்தான். பாதி வழியில் "ஐயோ, இது வேண்டாம்" என்று திரும்பி வந்த கடிதங்களும் உண்டு. உங்களுக்கு அந்த நடை இல்லை, அதனால் இரவு 2 மணிக்கு நடக்கிறீர்கள்.

நமக்கு முந்திய தலைமுறைப் பிள்ளைகள் ஐம்பதுகளில் தமிழ் முரசு நாளிதழின் மாணவர் மணிமன்றப் பக்கத்துக்கு எழுதி எழுதிப் போட்டார்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பின்னாளில் பேர் சொல்ல எழுதியவர்கள் பலர் அங்கே தொடங்கியவர்கள். போட்ட கடிதத்துக்கெல்லாம் பதில் வந்திருக்கும் என்றா நினைக்கிறீர்கள்?

கவிதையில் எந்த வரியில் நின்றீர்கள்? அந்த ஒரு வரியை எடுத்துப்போட்டு, ஏன் நின்றீர்கள் என்று இரண்டு வரியில் எழுதுங்கள். மற்ற பன்னிரண்டையும் ஒட்டுக்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டே நேரில் சொல்லுங்கள். நண்பன்தானே.

யாராவது இறந்துவிட்டால் முகநூலில் ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று அறுபது பேர் எழுதியிருப்பார்கள். அறுபத்தோராவதாக நானும் அதையே எழுதினால் ஒப்புக்கு எழுதியது போல இருக்கிறது. எழுதாவிட்டால் மனசு உறுத்துகிறது. — கோலா கங்சார் வாசகி

இதற்கு என்னிடம் அனுபவம் இருக்கிறது, வேண்டாத அனுபவம். என் வீட்டுக்காரர் இறந்தபோது மகள் அவர் படத்தைப் போட்டாள். நான் பார்க்கவில்லை. கருமாதி முடிந்த மறுநாள்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நூறுக்கு மேல் இருந்தது. முக்கால்வாசி ‘ஆழ்ந்த இரங்கல்’. ஒன்று சொல்கிறேன், அவை எனக்கு வெறும் சொல்லாகத் தெரியவில்லை. சாவு வீட்டு வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்திருக்கிறீர்கள் இல்லையா? எது யாருடையது என்று யாரும் பார்ப்பதில்லை. இத்தனை பேர் வந்திருக்கிறார்களே என்றுதான் இருக்கும். அறுபத்தோராவது செருப்பும் செருப்புதான். கூசாமல் கழற்றிப் போடுங்கள்.

ஆனால் அந்த நூறில் ஒன்றை மட்டும் நான் இன்னும் மறக்கவில்லை. என் வீட்டுக்காரர் டவுனில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். யாரென்று எனக்குத் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார்: "எஸ்.பி.எம். பரீட்சை எழுதப் போக எனக்குச் சைக்கிள் இல்லை. அங்கள் மூணு வாரம் கடை சைக்கிளைக் கொடுத்தார். காசு வாங்கல. பிரேக் கட்டையும் புதுசா மாத்திக் கொடுத்தார்." அவரோடு 38 வருஷம் வாழ்ந்தவள், எனக்கு இது தெரியாது. அந்தப் பிரேக் கட்டைதான் என்னை அழ வைத்தது, அதுவரை அழவில்லை.

உங்களிடம் அப்படி ஒன்று இருந்தால் எழுதுங்கள். பெரிதாக இருக்க வேண்டாம். "எங்க கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர்", "பார்க்கும்போதெல்லாம் படிப்பு எப்படி என்று கேட்பார்", அவ்வளவு போதும். பிழை வந்தால் வரட்டும், சாவு வீட்டில் யாரும் ஒற்று எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள். இல்லாவிட்டால் செருப்பு. கட்டை விரலை மட்டும் தூக்கிக் காட்டாதீர்கள்.

எனக்கு 29 வயது. சமையல் பக்கம் ஒன்றில் மீன் கறிப் படத்துக்குக் கீழே புளி அளவு பற்றி ஒரு சந்தேகம் கேட்டேன். அரை மணி நேரத்தில் முன்பின் தெரியாத மூன்று ஆண்கள் ‘ஹாய்’ என்று தனிச்செய்தி அனுப்பினார்கள். என் வீட்டுக்காரர் "இதுக்குத்தான் சொன்னேன், எங்கேயும் எழுதாதே" என்கிறார். எனக்கும் கை கூசுகிறது. — பாகான் செராய் வாசகி

இது கூச்சம் இல்லை அம்மா. புளி கேட்ட பெண்ணிடம் வந்து இளித்தவர்கள் கூச வேண்டிய விஷயம். அதை நீங்கள் வாங்கி மடியில் கட்டிக்கொள்ளாதீர்கள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எந்தப் பதிவாக இருந்தாலும், எழுதியவர் பேருக்குக் கீழே நேரத்தோடு ஒரு சின்னப் படம் இருக்கும். உருண்டையாகப் பூகோளப் படம் இருந்தால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் நீங்கள் எழுதியதைப் படிக்கலாம். இரண்டு தலை தெரிந்தால் அவருடைய நண்பர்கள் வட்டம். உருண்டை இருக்கும் இடத்தில் புளியைக் கேளுங்கள், தாராளமாக. ஆனால் எந்தத் தாமான், பிள்ளைக்கு எந்தப் பள்ளி, வீட்டுக்காரருக்கு எப்போது இரவு வேலை என்பதெல்லாம் அங்கே வேண்டாம். தெரியாதவர் செய்தி தனியாகக் கோரிக்கைப் பெட்டியில் வந்து விழும். திறந்து பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ‘யார் நீங்கள்’ என்றுகூடக் கேட்க வேண்டாம், அது அவர்களுக்குப் பாயசம். முடக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். அசிங்கமாக எழுதினால் அழிக்கும் முன்பு திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், புகார் கொடுக்க வேண்டி வந்தால் அது கையில் இருக்க வேண்டும்.

வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை: ஐயா, தெருவில் நாய் குரைத்தால் நாயைக் கட்டச் சொல்வோம். வீட்டுப் பெண்ணைக் கட்டுவது எங்கள் தோட்டத்தில்கூட வழக்கம் இல்லை. புளி எவ்வளவு என்று அந்தப் பக்கத்தில் பதில் வந்ததா? நான் கால் கிலோ மீனுக்கு நெல்லிக்காய் அளவு போடுவேன்.

செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன், வயது 54. கூச்சம் எல்லாம் எனக்கு இல்லை டீச்சர், பயம்தான். ஏதாவது எழுதப் போய் போலீஸ் வந்தால்? — தெலுக் இந்தான் வாசகர்

பயம் கொஞ்சம் இருப்பது நல்லதுதான் அண்ணே, லோரிக்குப் பிரேக் மாதிரி. 2021 பிப்ரவரி 19-ஆம் தேதி நம் கூட்டரசு நீதிமன்றம் ஓர் இணையச் செய்தித் தளத்துக்கு 5 லட்சம் வெள்ளி அபராதம் போட்டது. அந்தத் தளம் எழுதியதற்கு அல்ல. நீதித்துறையைப் பற்றி வாசகர்கள் அங்கே எழுதிய ஐந்து கருத்துகளுக்கு. ஐந்து கருத்து, 5 லட்சம் வெள்ளி! 1998-ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டமும் இருக்கிறது. அதன் 233-ஆவது பிரிவில் முகநூலில் எழுதியதற்காக வழக்கைச் சந்தித்தவர்கள் இருக்கிறார்கள்.

இனம், சமயம், அரச குடும்பம் இந்த மூன்றிலும் கோபத்தில் கை வைக்காதீர்கள். நடந்துகொண்டிருக்கும் வழக்கைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். யாரோ எழுதியதைச் சரிபார்க்காமல் பகிராதீர்கள், பகிர்ந்தாலும் கை உங்களுடையதுதான். மற்றபடி உங்கள் சாலையில் குழி இருக்கிறது என்று மாவட்ட மன்றத்தின் பக்கத்தில் இடத்தையும் படத்தையும் போட்டு எழுத எந்தப் போலீஸும் வராது. "மாலு பெர்தான்யா, செசாட் ஜாலான்" என்று பள்ளிக்கூடத்தில் மலாய் ஆசிரியர் சொல்லிக் கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா? கேட்கக் கூச்சப்பட்டால் வழி தவறிவிடும். லோரிக்காரருக்கு நான் சொல்லவா வேண்டும். குழியைப் பற்றி உங்களைவிட அதிகம் தெரிந்தவர் அந்த மன்றத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

நான் 71 வயது ஓய்வுபெற்றவன். எழுத ஆசை, கைப்பேசியில் தமிழ் வரவில்லை. ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தால் பேரன் சிரிக்கிறான். — கம்பார் வாசகர்

ஐயா, இந்தக் கவலை நமக்கு வரவே கூடாது. 1985-லேயே முரசு அஞ்சல் என்று கணினிக்குத் தமிழைக் கொண்டுவந்த முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர். கைப்பேசிக்கு அவர் செய்த செல்லினம் செயலியைப் பேரனை இறக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள், சிரித்ததற்குத் தண்டனை. ஆண்ட்ராய்டு கைப்பேசி என்றால் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து, ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுப் பேசினாலே எழுத்தாகிவிடும். ஆனால் நம் ஊர்ப் பேச்சைக் கேட்டு அது சில சமயம் குழம்பும், அனுப்பும் முன்பு ஒருமுறை படித்துவிடுங்கள். அனுப்பிய பிறகு பிழை தெரிந்தாலும் போகட்டும். புலனத்தில் (வாட்ஸ்அப்) 15 நிமிஷத்துக்குள் திருத்தலாம், முகநூலில் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். திருத்திய தடம் மட்டும் தெரியும்.

என்னைக் கேட்டால் தமிழ்99 விசைப்பலகைதான். உயிரெழுத்து இடப்பக்கம், மெய்யெழுத்து வலப்பக்கம், ஒரு வாரத்தில் விரலுக்குப் பழகிவிடும். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ. நடுவில் உள்ள புள்ளியை நீங்கள் தேட வேண்டாம், ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால் தானாக விழும். ‘வாழ்த்து’ என்றால் வ, ஆ, ழ, பிறகு புள்ளிக்காக ஆய்த எழுத்து விசையை ஒருமுறை தட்டி, த, த, உ. மேலே முதல் கடிதம் எழுதிய தங்கச்சிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: ழ, ள, ல மூன்றும் தனித்தனி விசை. தொடும் முன்பு எழுத்து கண்ணெதிரே தெரியும்.